ஸ்கொட்லாந்து நடிகனின் இங்கிலீஷ்

சென் ஜேம்ஸ் ரவுணுக்குப் பக்கத்தில் ஸ்ரீட்கார் என்ற தெரு ரயிலில் ஏறினேன். முன் இருக்கையில் இரண்டு தமிழர்கள். கழுத்துப்பட்டி கட்டியிருந்தவர் சொன்னார்:

"அந்த ஸ்கொட்லாந்து நடிகனாலைதான் அண்ணை இண்டைக்கு எனக்கு வேலை கிடைக்கேல்லை."

பக்கத்திலிருந்த பெரியவர் திரும்பினார். "அவன் உனக்கு என்னடா செய்தவன்?"

"அவன்ரை வீடியோ கொப்பியளைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்துத்தானே இங்கிலீஷ் பழகினனான். போனிலை கதைக்கேக்கை மனேச்சருக்கு நல்ல சந்தோசம், உடனை வாவெண்டார். நேரிலை கண்டதும் வேறை ஆள் எடுத்தாச்சாம்."

"உன்னையும் ஸ்கொட்லாந்துக்காரன் எண்டு நினைச்சிருப்பார்."

"ஓம். என்ரை முகத்தையும் வாயையும் மாறி மாறிப் பாத்தவர்."

பெரியவர் சிரிக்கவில்லை. "அவனும் உப்பிடி அலைஞ்சவன்தான். சீமெந்து குழைச்சுக்கொண்டு நடிக்க வாய்ப்புத் தேடினவனாம். பேச்சை மாத்தினால் எடுக்கிறம் எண்டு லண்டனிலை சொன்னவங்களாம்."

"மாத்தினவனோ?"

"இல்லை. ராசாவா நடிச்சாலும் கள்ளனா நடிச்சாலும் தன்ரை ஊர்ப் பேச்சுத்தான். இப்ப உலகமே கைதட்டுது."

கழுத்துப்பட்டிக்காரர் பட்டியைத் தளர்த்தினார்.

"அப்ப நாளைக்கு ஒஷாவாவிலை இன்னொரு வேலைக்குப் போன் எடுக்கேக்கை எங்கடை இங்கிலீஷிலையே கதைக்கிறன் அண்ணை. வேண்டாமெண்டால் என்ரை முகத்தைக் காணாமலே சொல்லட்டும்."