கார்டில் இருந்த எண்

2023 ஜூன் 12, திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு, கூடலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள என் அச்சுக் கடையில், ஞானசீலன் என்ற ஜீப் டிரைவர் ஆயிரம் விசிட்டிங் கார்டுக்கு ஆர்டர் கொடுத்தார்.

விசிட்டிங் கார்டு சின்ன வேலை என்று பலர் நினைக்கிறார்கள். மூன்றரை அங்குலத்துக்கு இரண்டு அங்குலம். தன்னைப் பற்றி ஊர் என்ன நினைக்க வேண்டும் என்று ஒருவர் விரும்புகிறாரோ, அது முழுவதும் அந்த இடத்துக்குள் வந்தாக வேண்டும். நான் பத்தொன்பது வருடமாக இதைச் செய்கிறேன். டிசைனை இங்கே முடித்து ஃபைலைக் கோயம்புத்தூருக்கு அனுப்புவேன். கார்டு நாலைந்து நாளில் பஸ்ஸில் வந்துவிடும்.

ஞானசீலன் ஓவேலிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டின் மேல் டிவிஷனுக்கு ஜீப் ஓட்டுபவர். சிலோனிலிருந்து திரும்பிவந்த குடும்பம். தார் ரோடு முடிந்த பிறகு நான்கு கிலோமீட்டர் கல் பாதை. மழைக்காலத்தில் அதில் ஏறும் ஜீப்புகள் இரண்டுதான். மற்றது ஊட்டியில் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. ஞானசீலனின் பழைய சிம் அவருடைய அக்கா மகன் பேரில் இருந்தது. அவன் திருப்பூர் வேலைக்குப் போனபோது அதையும் கொண்டுபோய்விட்டான். புது எண்ணை எல்லோருக்கும் தெரிவிக்கத்தான் கார்டு.

“பேருக்குக் கீழ என்னங்க போடட்டும்?” என்று கேட்டேன்.

“ப்ரொப்ரைட்டர்னு போடுங்கண்ணே.”

“ஒத்தை ஜீப்புக்கு ப்ரொப்ரைட்டரா?”

“ஒண்ணா இருந்தாலும் அதுக்கு நான்தானேண்ணே மொதலாளி. டிரைவரும் நான்தான், கிளீனரும் நான்தான். மூணையும் போட்டா எடம் பத்துமா?”

ப்ரொப்ரைட்டர் என்று மட்டும் போட்டேன். எண் கேட்டேன்.

“புது நம்பர், எனக்கே மனப்பாடம் இல்ல. உங்களுக்கு ஒரு மிஸ்டு கால் குடுக்குறேன், பாத்து ஏத்திக்கிருங்க.”

இங்கே எல்லோரும் அப்படித்தான். யாரும் தன் எண்ணை வாயால் சொல்வதில்லை. என் ஃபோன் ஒருமுறை அடித்து நின்றது. திரையில் அவருடைய எண் இருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே கார்டில் வேறொரு எண்ணை அடித்தேன். கடைக்கென்று வாங்கி, யாரிடமும் சொல்லாமல் விட்டிருந்த என் இரண்டாவது சிம்மின் எண்.

பிரதி எடுத்துக் கொடுத்தபோது அவர் வெகு நேரம் பார்த்தார். இனிஷியலைப் பார்த்தார். பெயரை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார். நான் போட்டிருந்த ஜீப் படத்தில் ஒரு குற்றம் கண்டுபிடித்தார்.

“ஸ்டியரிங் அந்தப் பக்கமில்ல இருக்கு. இத நான் எப்புடி ஓட்டுறது?”

அது வெளிநாட்டு ஜீப் படம். இடம் வலம் மாற்றிக் கொடுத்தேன். எண்ணின் மேலும் அவர் விரல் ஓடியது. ஒவ்வொரு இலக்கமாகத் தொட்டுக்கொண்டு போய்த் தலையாட்டினார். ஒப்பிட்டுப் பார்க்க அவரிடம் எதுவும் இல்லை. கீழே ‘சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஞானசீலன் மேல் எனக்குக் கோபம் இல்லை. இதை எல்லோரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்.

என் மனைவி ராஜகுமாரி 2022 நவம்பரில் வீட்டைவிட்டுப் போனாள். பதினோரு வருடத்துக் குடித்தனம். அன்று ஆரோட்டுப்பாறையில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து அவளையும் இரண்டு பைகளையும் பஸ் ஸ்டாண்டில் கொண்டுவந்து இறக்கியது ஞானசீலன்தான். பஸ் ஸ்டாண்டிலிருந்து என் கடை எண்பது அடி. நான் உள்ளே கல்யாணப் பத்திரிகைக்குப் பிழை பார்த்துக்கொண்டிருந்தேன். கோயம்புத்தூரில் அவள் தம்பி கமலேஷ் வீட்டில் இருக்கிறாள் என்று பத்து நாள் கழித்துத் தெரிந்தது. ஞானசீலனிடம் கேட்டேன்.

“அக்கா சொல்ல வேணாம்னாங்கண்ணே. ஏத்துனேன், எறக்கினேன். டிரைவருக்கு அதுக்கு மேல என்னா இருக்கு?”

அது நியாயமான பதில். நானும் அவர் இடத்தில் இருந்தால் அதையே சொல்லியிருப்பேன்.

நான் யோசித்தது இதுதான். ராஜகுமாரியின் அம்மா பாப்பம்மாள் மேல் டிவிஷனில் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் தனியாக இருந்தார். கொழுந்து பறித்து ரிட்டையர் ஆனவர். அம்மாவைப் பார்க்க அவள் என்றைக்காவது வருவாள். வந்தால் ஞானசீலனைத்தான் அழைப்பாள். அந்த அழைப்பு எனக்கு வந்தால், அவள் வரும் நாளும் நேரமும் தெரியும். நான் எண்பது அடி நடந்து போய் அவளைப் பார்க்கலாம். பேசுவதற்கு என்று பெரிதாக ஒன்றும் வைத்திருக்கவில்லை.

ஜூலை இரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, ஞானசீலன் மேல் டிவிஷனில் வீடு வீடாகப் போய்க் கார்டு கொடுத்தார். கதவிலேயே ஒட்டிவிட்டும் வந்தாராம். அன்று சாயங்காலம் முதல் அழைப்பு வந்தது. அது ராஜகுமாரியுடையது அல்ல, எனவே எடுக்கவில்லை. மூன்று நாளில் ஒன்பது அழைப்புகள். எதையும் எடுக்கவில்லை. எடுத்து ‘ராங் நம்பர்’ என்று சொன்னால் விஷயம் ஞானசீலனுக்குப் போகும், கார்டுகளைக் கிழித்துப்போடுவார்கள், பிறகு அவள் அழைப்பும் எனக்கு வராது. எடுக்காமல் விடுவதில் சிக்கல் இல்லை. இந்த மலையில் ஒருவர் ஃபோன் எடுக்காவிட்டால் டவர் இல்லை என்பார்கள். அந்த வாரம் விடாமல் மழை பெய்தது. மேல் டிவிஷனில் கோயில் மேட்டில் நின்றால்தான் சிக்னலே கிடைக்கும்.

ஜூலை ஆறு, வியாழக்கிழமை காலை 9.42-க்கு ஒரு எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. 10.05-க்குள் அதே எண்ணிலிருந்து பதினோரு முறை. ஃபோனை மேஜைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு குறுஞ்செய்தி. ‘முருகன் பேசறேன் பாப்பம்மா அக்காவுக்கு இழுப்பு மூச்சு விட முடியல ஜீப் உடனே வேணும்.’

முருகன் என் மாமியாரின் பக்கத்து வீட்டுக்காரர்.

நான் செய்தியை இரண்டு முறை படித்தேன். பாப்பம்மாளுக்கு முடியவில்லை என்றால் ராஜகுமாரிக்குச் சொல்லியிருப்பார்கள். சொல்லியிருந்தால் அவள் இந்த எண்ணுக்கு அழைப்பாள். அவள் அழைக்கும்போது லைன் பிஸியாக இருக்கக் கூடாது. அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது அவ்வளவுதான்.

ஜன்னல் வழியாகப் பார்த்தால் பஸ் ஸ்டாண்ட் தெரியும். ஞானசீலனின் ஜீப் டீக்கடை ஓரமாக நின்றிருந்தது. அவர் உள்ளே உட்கார்ந்து பன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நாலு நாளாகச் சவாரியே இல்லை என்று முந்தின நாள் என்னிடம் சொல்லியிருந்தார்.

10.21-க்கு 0422 என்று தொடங்கும் கோயம்புத்தூர் எண் ஒன்று வந்தது. எடுத்தேன்.

“அண்ணே, ராஜகுமாரி பேசுறேன். அம்மாவுக்கு ரொம்ப இழுக்குதாம். முருகண்ணன் கார்டப் பாத்து நம்பர் சொன்னாரு. நீங்க கெளம்பிட்டீங்களா?”

எட்டு மாதத்துக்குப் பிறகு கேட்ட குரல். கொஞ்சம் கரகரப்பாக இருந்தது. நான் பதில் சொல்லாவிட்டால் வைத்துவிடுவாள்.

“வந்துட்டிருக்கேன்” என்றேன்.

“சீக்கிரம் போங்கண்ணே. நானும் பொறப்பட்டுர்றேன்.”

பத்தொன்பது வினாடி. டிரைவர்கள் எல்லோரும் சொல்லும் வார்த்தைதான் அது. கிளம்பாதவரும் சொல்வார், பல் தேய்த்துக்கொண்டிருப்பவரும் சொல்வார். அதை யாரும் பொய்யாக எடுத்துக்கொள்வதில்லை.

மேலே நடந்ததைப் பிறகு முருகன் சொல்லக் கேட்டேன். ஆம்புலன்சுக்குச் சொல்லியிருந்தார்கள். அது தார் ரோடு முடியும் இடத்தில் வந்து நின்றிருந்தது. பாப்பம்மாளைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, இரண்டு பக்கமும் மூங்கில் கட்டி, நான்கு பேர் தோளில் தூக்கிக்கொண்டு ஐம்பது அடி வந்திருந்தார்கள். அப்போது ராஜகுமாரி கோயில் மேட்டில் நின்றிருந்த முருகனை அழைத்து, ஜீப் வந்துகொண்டிருக்கிறது என்றாள். மழையில் நனைய வேண்டாம் என்று திரும்பவும் வீட்டுக்குள் கொண்டுபோனார்கள். பதினொன்றே கால் வரைக்கும் காத்திருந்தார்கள். பிறகு தூக்கினார்கள். பாதி வழியில் இறந்துபோனார். 11.50 என்று முருகன் சொன்னார்.

எழுந்து போய் ஞானசீலனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருப்பார்.

ஒரு மணிக்கு டீக்கடையில் சாவுச் செய்தி வந்துவிட்டது. ராஜகுமாரி பஸ்ஸில் வந்தால் ஐந்து மணி ஆகும். நான் அழகையாவின் சலூனுக்குப் போனேன். அவர் கத்தியை எடுத்துவிட்டுக் கீழே வைத்தார்.

“ஏனுங்க கருணாகரன், மாமியா செத்த அன்னிக்கு யாராச்சும் சேவிங் பண்ணுவாங்களா?”

“எனக்கு இன்னும் யாரும் சொல்லி அனுப்பலைங்க” என்றேன்.

அது உண்மை. அவர் சவரம் செய்துவிட்டார். ஐந்து மணி பஸ்ஸில் ராஜகுமாரி வரவில்லை. ஆறு மணி பஸ்ஸிலும் வரவில்லை. கமலேஷ் காரில் கூட்டிக்கொண்டு நேராக மேலே போய்விட்டான் என்று பிறகு தெரிந்தது.

மறுநாள் அடக்கத்துக்குப் போய்ப் பின்வரிசையில் நின்றேன். அங்கேதான் அது நடந்தது. ஞானசீலன் மாலையோடு வந்து இறங்கியதும் நாலைந்து பேர் ஜீப்பைச் சுற்றிக்கொண்டார்கள். கண்ணாடி உடைந்தது. “எனக்குக் காலே வரலடா, எங்கம்மா மேல சத்தியமா வரல” என்று அவர் கத்தினார். ராஜகுமாரி அவரைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“வந்துட்டிருக்கேன்னு சொன்னீங்களேண்ணே. எதுக்குச் சொன்னீங்க?”

சத்தம் போடாமல்தான் கேட்டாள். ஞானசீலன் மாலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்றிலிருந்து மேல் டிவிஷனில் யாரும் அவர் வண்டியில் ஏறவில்லை. லயத்தில் அவர் மனைவி தேவிக்குக் குழாயடியில் யாரும் இடம் விடவில்லை.

ஜூலை பத்து, திங்கட்கிழமை, ஞானசீலன் கடைக்கு வந்தார். கையில் அவருடைய கார்டு. பழைய வாடிக்கையாளர் ஒருவர் அவர் எதிரிலேயே கார்டைப் பார்த்து அழைத்திருக்கிறார். இவர் ஃபோன் அடிக்கவில்லை.

“நம்பர் தப்பா விழுந்துருக்குண்ணே. ஒங்களச் சொல்லிக் குத்தமில்ல. நான்தான் பாத்துக் கையெழுத்துப் போட்டேன். ஸ்டியரிங்கப் பாத்த மயிராண்டி நம்பரப் பாக்கல.” சிரிக்க முயன்றார். “ஆனா இந்த நம்பர்க்காரன் எடுத்துப் பேசிருக்கான் பாருங்க. வந்துட்டிருக்கேன்னு சொல்லிருக்கான். அவன் மனுசனா?”

என் எதிரே நின்றபடியே அந்த எண்ணை அழைத்தார்.

என் மேஜை இழுப்பறைக்குள் ஃபோன் அடித்தது. அதை நான் அணைத்து வைத்திருக்கவில்லை. ஞானசீலனைத் திட்டுவதற்காக ராஜகுமாரி இன்னொரு முறை அழைக்கக்கூடும் என்று நினைத்திருந்தேன்.

அவர் அழைப்பை நிறுத்தினார். ஒலி நின்றது. மறுபடி அழைத்தார். மறுபடி ஒலித்தது. மாதிரி டிசைனில் கடை எண் போட்டிருக்கும், அதை மாற்ற மறந்துவிட்டேன், அச்சுப்பிழை என்று சொன்னேன். ஃபோன் திறந்த இழுப்பறையில் கிடக்கும், வந்துபோகிறவர்கள் யார் வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம் என்றும் சொன்னேன். ஞானசீலன் ஸ்டூலில் உட்கார்ந்தார். பிறகு எழுந்து போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்.

ஸ்டேஷனிலும் நான் அதையே சொன்னேன். இன்ஸ்பெக்டர் ஏற்றுக்கொள்ளும் நிலையில்தான் இருந்தார். கார்டில் எண் மாறுவது நடக்கக்கூடியதுதான். ராஜகுமாரியை வரவழைத்து, அந்தக் குரல் உன் புருஷனுடையதா என்று கேட்டார்.

“இல்லீங்க சார்” என்றாள். “பதினோரு வருசம் கூட இருந்திருக்கேன். அவர் கொரல் எனக்குத் தெரியாதா?”

எனக்குச் சாதகமான பதில் அது. அத்தோடு நான் வீட்டுக்குப் போயிருக்கலாம். யாரோ ஒருவன் கடைக்கு வந்தான், ஃபோன் அடித்தது, எடுத்துப் பேசினான் என்று விசாரணை முடிந்திருக்கும். அவள் என் பக்கம் திரும்பாமலே அதைச் சொன்னாள். அவள் சொன்னது தவறு. தெரிந்தே தவறான ஒரு தகவலைப் பதிவில் விடுவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

“நான்தானுங்க பேசுனேன்” என்றேன்.

எண்ணைத் தெரிந்தே மாற்றியது, முருகனின் செய்தியைப் படித்தது, ஜன்னல் வழியாக ஜீப்பைப் பார்த்தது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். ஏட்டு எழுதிக்கொண்டே வந்தார். ஞானசீலன் சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். முடித்த பிறகு இன்ஸ்பெக்டர், அந்த வார்த்தையை இப்போது இவள் எதிரே சொல் என்றார்.

“வந்துட்டிருக்கேன்” என்றேன்.

ராஜகுமாரி கண்ணை மூடிக் கேட்டாள். இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

“இல்லீங்க சார், இந்தக் கொரல் இல்ல” என்றாள்.

ஏட்டு அதையும் எழுதிக்கொண்டார்.