பதினேழாம் மிதவை

கவா பானம் குடிக்கும் சிரட்டையைக் கொஞ்சம் கீழே வையுங்கள். இது நம் இசிகேலியின் மச்சான் வைசாலேக்கு நடந்தது. கண்டாவு தீவில். நம்பாவிட்டால் இசிகேலியையே கேளுங்கள். அதோ, கதவுக்கு முதுகைக் காட்டாமல் உட்கார்ந்திருக்கிறான்.

இரவு இரண்டே கால். தேவாலயத்தைத் தாண்டிப் படகுத்துறைக்குப் போகும் மணல் பாதை. வைசாலே தனியாக நடந்துகொண்டிருந்தான். காற்றே இல்லை...

அவன் வேலை மிதவைகளை மேய்ப்பது. தேங்காய் அளவு, மொத்தம் இருபது. பவளத்திட்டில் தண்ணீர் எங்கே சூடாகிறது என்று அளந்து சொல்லும். பெரிய மூளை எல்லாம் கிடையாது. ஒவ்வொன்றும் 'டிக்' என்று ஒலிக்கும். பக்கத்தில் இருப்பதன் 'டிக்'கைக் கேட்டு நகரும். ஒன்று பின்தங்கினால் மற்றவை காத்திருக்க வேண்டும் என்று ஒரு விதியும் இருந்தது. வேலை தாமதமாகிறதென்று அந்த விதியை வைசாலே எடுத்துவிட்டான். யாரிடமும் சொல்லவில்லை.

அன்றே பதினேழாம் மிதவை திட்டுக்கு அப்பால் தங்கிவிட்டது. படகோட்டும் அபெனிசா மாமா தேடிக் கிளம்பினார். "பாவம், தனியா கெடக்கும்டா. கொண்டாந்துடறேன்." எந்த மிதவையை எடுத்து வந்தாலும், தன் சட்டையால் ஈரம் துடைத்துத்தான் பெட்டியில் வைப்பார் அவர்.

அன்று படகு மட்டும் திரும்பி வந்தது.

மூன்று வாரம். வைசாலே தூங்கவில்லை. கடைசியில் விதியைத் திரும்பப் போட்டான். மீதிப் பத்தொன்பதையும் கடலில் இறக்கினான். நள்ளிரவில், திரும்பி வரச் சொல்லிக் கட்டளை அனுப்பினான். ஒன்றுகூட வரவில்லை.

"பேட்டரி தீந்திருக்கும்," என்று குறுக்கிட்டான், நம்மோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த தொமாசி.

"நீ கம்முனு கேளு மச்சான். பன்னி உறுமினதுக்கே மரத்துல ஏறினவன்தானே நீ," என்றான் இசிகேலி.

அதனால்தான் அந்த இரண்டே காலுக்குத் துறைக்கு வந்து நின்று வைசாலே கைத்திரையைப் பார்த்தான். பத்தொன்பது புள்ளிகள், வட்டமாக. நடுவில் இன்னொன்று... பதினேழு. அதன் பேட்டரி என்றைக்கோ செத்திருக்க வேண்டும்.

படகை எடுத்தான். திட்டின் வாயருகே பத்தொன்பது பச்சை விளக்குகள் வட்டம் கட்டி நின்றன. நடுவில் வெறும் தண்ணீர். அங்கிருந்து... டிக்... டிக்... கூடவே சுருட்டுப் புகையிலை வாசனை. அபெனிசா மாமா பிடிக்கும் அதே நாட்டுப் புகையிலை.

"மாமா... மன்னிச்சிடுங்க. நான்தான்..." ஜெபம் சொல்லப் பார்த்தான். அதுவும் பாதியில் நின்றது.

வட்டம் அசைந்தது. கரையை நோக்கி. ஒரு மனிதன் நீந்தும் வேகத்தில். கொஞ்சம் நகரும்... நிற்கும்... மூச்சு வாங்குவதுபோல. மறுபடி நகரும். அவன் பின்னாலேயே போனான்.

அலையோரத்தில் பத்தொன்பதும் நின்றுவிட்டன. திரையில் பதினேழு நிற்கவில்லை. மணலில் ஏறியது. தேவாலயத்தைத் தாண்டியது. அபெனிசாவின் வீட்டு வாசலில்... அணைந்தது.

விடியும்வரை வைசாலே படகைவிட்டு இறங்கவில்லை. வெளிச்சம் வந்ததும் நேராக அந்த வீட்டுக்குப் போனான். இனியும் மறைக்க முடியாது என்று மட்டும் தெரிந்தது.

படியில் பதினேழாம் மிதவை. அடியெல்லாம் சிப்பி ஒட்டியிருந்தது. ஆனால் ஒரு சொட்டு ஈரமில்லை. யாரோ நன்றாகத் துடைத்திருந்தார்கள்.

அபெனிசாவின் மனைவி வசிதியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வந்து சொன்னியே, அது போதும்பா. ராத்திரியே சொல்லியிருக்கலாம்ல?"

"ராத்திரியா அத்தை?"

"கதவைத் தட்டினியே. உள்ள வாப்பா, டீ போடறேன்னு நான்கூடப் படுத்த பாயிலேருந்தே கூப்பிட்டேன். நீதான் வெளியவே நின்னுக்கிட்டு, 'வேணாம், நனைஞ்சிருக்கேன், பாய் ஈரமாயிடும்'னு சொன்னே..."