செத்தவங்ககிட்ட சந்தா வாங்கறதில்ல

— லைன்ல இருக்கீங்களா, ஆர்லிஸ்?

— இருக்கேன். தரையில உக்காந்திருக்கேன். நாற்காலி எட்டல.

— அடி கிடி பட்டுச்சா?

— காப்பிதான் கொட்டிப்போச்சு. இன்னொரு தடவ பேரச் சொல்லுங்க.

— லீலண்ட் ரஸ்டாட். உங்க பக்கத்துக் கவுண்டி வேளாண் விரிவாக்க ஆபீஸ்ல இருந்தவன். ஊர் ஜனங்களுக்கு நான் சொல்லிக் குடுத்தது மாடு, மண்ணு, சோளம். நீங்க ஜாம் ஜாடி, அடுப்பு, கைக்குழந்த. நம்ம ஊழியர் சங்கத்து ஆண்டுக் கூட்டத்துக்கு வருஷா வருஷம் என் பிக்கப் வண்டியிலதான் வருவீங்க. ஏறினதும் ஜன்னலத் திறங்க, எருவாடை அடிக்குதும்பீங்க.

— போதும். எருவாடைன்னதும் நம்பிட்டேன்.

— சொல்றேன் கேளுங்க. நான் சாகல.

— அது தெரியுது. எப்படி இருக்கீங்க?

— மோசமில்ல. முழங்கால்தான் கொஞ்சம் வலிக்குது.

— லீலண்ட், அக்டோபர்ல ஏபர்டீன்ல நடந்த ஆண்டுக் கூட்டத்துல உங்களுக்கு அஞ்சலி செலுத்தி முடிச்சாச்சு, பாத்துக்கங்க. மெழுகுவத்தி ஏத்தியாச்சு. மண்டபமே எழுந்து நின்னுச்சு. புதுசா வேலைக்குச் சேந்த பொண்ணுங்க, உங்க மூஞ்சியக் கூடப் பாத்திராததுங்க, அதுங்களும் கண்ணத் தொடச்சுச்சுங்க.

— எனக்கு இன்னிக்குக் காலையிலதான் தெரியும். சந்தா கட்டறதுக்கு டார்லாவக் கூப்பிட்டேன். இன்னும் அவதானே பொருளாளர். பேரச் சொன்னேன். அவ ஏதோ காகிதத்தப் புரட்டினா. அப்பறம், "மன்னிக்கணும் சார், செத்தவங்ககிட்ட சங்கம் சந்தா வாங்கறதில்ல"ன்னுட்டா.

— அவ அப்படித்தான். அவ பெத்த புள்ள கூப்பிட்டாலும் அதையேதான் சொல்லுவா.

— உயிரோடதான் இருக்கேன்னேன். அத வாய்ச் சொல்லா ஏத்துக்க முடியாதாம். அஞ்சலிப் பட்டியல்லேந்து ஒரு பேர எடுக்கணும்னா அஞ்சலிக் குழுத் தலைவர் எழுதிக் குடுக்கணுமாம். அப்படி ஒரு விதி உண்டான்னு கேட்டேன். இதுவரைக்கும் யாரும் திரும்பி வரல, இனிமே அதுதான் விதின்னா.

— ம்.

— தலைவர் யாருன்னு கேட்டேன்.

— நாந்தான்.

— அதான் கூப்பிட்டேன். எப்படி நடந்துச்சு இது?

— ஆகஸ்டுல பேப்பர்ல வந்துச்சே. லீலண்ட் ரஸ்டாட் மறைந்தார், விரிவாக்கப் பணிக்காக முப்பது வருஷம் உழைத்தவர்னு. கொட்ட எழுத்துல.

— அது அப்பா. எனக்கு அவரு பேரத்தான் வச்சாங்க. அவரு கவுண்டி விரிவாக்க வாரியத்துல உறுப்பினரா இருந்தாரு. அதத்தான் போட்டிருந்தாங்க.

— படம் போட்டிருந்தாங்களே. உங்க மூக்கு.

— அது அவரு பட்டாளத்துல எடுத்த படம். மூக்கு அவரோடது, நான் கடன் வாங்கினது. கீழ வயசு போட்டிருந்துச்சே, தொண்ணூத்தி ரெண்டுன்னு. ஊரு கூப்பிடற பேரும் போட்டிருந்துச்சு, ஸ்லிம்னு.

— கீழ வரைக்கும் நான் வரல.

— ஏன்?

— முதல் வரிக்கு மேல படிக்க முடியல, லீலண்ட். பேப்பர மடிச்சு வச்சுட்டேன். அப்பறம் அதத் திறக்கவே இல்ல. இருங்க, ஸ்லிம்மா? உங்க ஊர்க் கண்காட்சி வாசல்ல டிக்கெட் கிழிப்பாரே, ஒல்லியா, பனமரம் மாதிரி, அவரா உங்கப்பா?

— அவருதான்.

— ஒரு வார்த்த சொன்னதில்லையே.

— நீங்க கேட்டதில்லையே.

— நல்ல மனுஷன். போட்டிக்கு நடுவரா நான் வர்றப்ப என்கிட்ட டிக்கெட்டே வாங்க மாட்டாரு. "நடுவரம்மாவுக்கு இலவசம், ஆனா அட்டையில நெறைய எழுதணும்"பாரு. வருஷா வருஷம் அதே பேச்சு. ஏதோ வாசல்ல உக்காந்திருக்கிற பெரியவரு தமாஷ் பண்றாருன்னு சிரிச்சுட்டு உள்ள போயிடுவேன். உங்க அப்பான்னு தெரியாமப் போச்சே. வருத்தமா இருக்கு.

— நல்லாத்தான் போனாரு. தூக்கத்துல.

— அடக்கத்துக்கு வந்தேன், லீலண்ட்.

— சர்ச்சுக்கா? உங்களப் பாக்கலையே.

— உள்ள வரல. கார நிறுத்திட்டு உக்காந்திருந்தேன். பாட்டுச் சத்தம் கேட்டுச்சு. உள்ள போயி எந்த பெஞ்சில உக்கார்றது? சொந்தக்காரங்க பக்கமா? பக்கத்துக் கவுண்டிக்காரின்னு பின்னாலயா? யாராவது, நீங்க அவருக்கு என்ன வேணும்னு கேட்டா என்ன சொல்றதுன்னு தெரியல. வண்டியத் திருப்பிட்டேன்.

— நான் வாசல்லயே நின்னேன், ஆர்லிஸ். வர்றவங்களுக்கெல்லாம் கை குடுத்துக்கிட்டு. நாலு படி ஏறியிருந்தா என்னப் பாத்திருப்பீங்க.

— தெரியுது. இப்பத் தெரியுது.

— சரி, விடுங்க. டார்லாவுக்கு ரெண்டு வரி எழுதிடுங்க. இன்னார் உயிரோட இருக்காருன்னு.

— எழுதறேன். ஜூன் மாசம் வாக்குல.

— ஜூனா? இன்னும் கிறிஸ்துமஸே வரல.

— குழு கூடணும்ல.

— குழுவுல யாரு யாரு?

— நானும் வெர்னாவும். வெர்னா இடுப்ப ஒடச்சுக்கிட்டு மக வீட்டுல படுத்திருக்கா.

— அப்ப நீங்க மட்டும் கூடிக்கலாமே. காப்பி மேஜையில.

— முறைன்னு ஒண்ணு இருக்கு.

— நீங்களா முறை பேசறது? சங்க விருந்துல சீட்டுல பேர் எழுதி ஏலம் எடுக்கிறப்ப, மணி அடிச்சப்பறம் என் பேர அடிச்சுட்டு உங்க பேர எழுதினவங்க நீங்க.

— அது நல்ல போர்வை. நீங்க அதக் கன்னுக்குட்டிக்குப் போத்தியிருப்பீங்க.

— போத்தியிருப்பேன். ஜூன்ல என்ன இருக்கு, ஆர்லிஸ்?

— ஒண்ணுமில்ல.

— டார்லா ஒண்ணு சொன்னா. அஞ்சலிக் கூட்டத்தப் படம் புடிச்சு சங்கத்து வலைப் பக்கத்துல போட்டிருக்காங்களாம். அங்கத்தினர் மட்டும் பாக்கலாமாம். ஜூன்ல அங்கேந்து தூக்கிடுவாங்களாம்.

— டார்லாவுக்கு வாய் நீளம்.

— தானே அழுதுட்டேன்னு சொன்னா. டார்லா. சங்கத்து சேமிப்பு பாதியாப் போன வருஷம் கணக்கு வாசிச்சாளே, அப்பக்கூட முகத்துல ஒரு சலனம் இல்ல. அவள அழ வைக்கிற மாதிரி என்னப் பத்தி அப்படி என்ன சொன்னீங்க?

— எல்லாருக்கும் சொல்றதுதான். நல்லவரு, உழைப்பாளி, குறிச்ச நேரத்துக்கு முன்னாலயே வந்து நிப்பாரு.

— அதுக்கு யாரும் அழ மாட்டாங்க.

— நீங்க முதல்ல இதுக்குப் பதில் சொல்லுங்க. ரிட்டயர் ஆனீங்க. மறு மாசமே அரிசோனா. ஒரு கார்டு உண்டா, ஒரு போன் உண்டா? சந்தாவையும் நிறுத்திட்டீங்க. சங்கச் செய்திமடல் முகவரி தெரியலன்னு திரும்பி வந்துச்சு. ஆறு வருஷம் கழிச்சு இன்னிக்குத் திடீர்னு சங்கத்து மேல என்ன பாசம்?

— சங்கத்து மேல இல்ல.

— பின்ன?

— அடக்கம் முடிஞ்சு சர்ச்சுல ஹாம் பன் தின்னுக்கிட்டிருந்தோம். அப்ப யாரோ சொன்னாங்க, உங்க வீட்டுக்காரர் ஓரின் போயிட்டாருன்னு.

— மூணு வருஷமாச்சு.

— எனக்கு யாரும் சொல்லல.

— சொல்றதுக்கு நீங்க எங்க இருந்தீங்க? அவரும்தான் எத்தன வருஷம் படுக்கையில கிடந்தாரு. கடைசியில என்னையே யாருன்னு கேட்டாரு.

— தெரியும். பிக்கப்புல ஏறினதும் மொதல்ல வீட்டுக்கு போன் போட்டு நர்ஸ்கிட்ட, மருந்து சாப்பிட்டாரான்னு கேப்பீங்க. அப்பறம்தான் பெல்ட்டே மாட்டுவீங்க. அத வச்சுக்கிட்டு நான் என்ன பேசறது? நாலு மணி நேரமும் சோள வெல பேசினேன். ரிட்டயர் ஆனப்பறம் சும்மா கூட்டத்துக்கு வந்து, உங்கள வீட்டு வாசல்ல எறக்கி விட்டுட்டுத் திரும்பிப் போறதுன்னா, அது என்னால ஆகல. போயிட்டேன். அவ்வளவுதான் விஷயம்.

— ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாம்.

— எந்த வார்த்த?

— ஆமா. எந்த வார்த்த.

— இப்ப அப்பா வீட்டுலதான் இருக்கேன். உங்க வீட்டுக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. ரெண்டு தடவ உங்க தபால் பெட்டி வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டேன். நேரா வந்து கதவத் தட்ட ஒரு காரணம் கிடைக்கல. ஆண்டுக் கூட்டம்னா நீங்க வருவீங்க. சந்தா கட்டினா நானும் உள்ள வரலாம், பக்கத்துல உக்காரலாம், யாரும் கேக்க முடியாது. அதுக்குத்தான் டார்லாவக் கூப்பிட்டேன்.

— லீலண்ட்.

— சொல்லுங்க.

— அந்தப் படத்த நீங்க பாக்க வேண்டாம். நானே சொல்லிடறேன். குறுக்க பேசக்கூடாது.

— பேசல.

— செத்தவங்க ஒவ்வொருத்தருக்கும் அவங்க வேலையோட ஒரு பொருள மேஜையில வைப்போம்ல. உங்களுக்கு, சோதனைக்கு மண்ணு எடுக்கிற குழாயத்தான் வைக்கச் சொன்னாங்க. நான் வைக்கல. ஒரு ஜாடி வச்சேன். காட்டுச் செர்ரி ஜெல்லி.

— ஜெல்லியா?

— குறுக்க பேசக்கூடாதுன்னேன். உங்க ஊர்க் கண்காட்சிக்கு நான் நடுவர், எங்க ஊர்க் கன்னுக்குட்டிங்களுக்கு நீங்க நடுவர். சொந்த ஊர்ல யாரும் தீர்ப்பு சொல்லக் கூடாதுன்னுதானே இப்படி மாத்திக்கிட்டோம். முதல் வருஷம் ஒரு ஜாடி வந்துச்சு. ஜாடியில எண்ணுதான் இருக்கும். ரிப்பன் குத்தினப்பறம்தான் பேர் எழுதி மடிச்ச சீட்டப் பிரிப்பாங்க. பிரிச்சா உங்க பேரு. விரிவாக்க ஊழியர் சொந்தக் கண்காட்சியில போட்டி போடக்கூடாதுன்னு விதிப்புத்தகம் அச்சடிச்சவரே நீங்க. அந்த மனுஷன் விதிய மீறி ஜாடி வைக்கிறாருன்னா எனக்காகத்தான்னு நெனச்சேன். யார்கிட்டயும் மூச்சு விடல. உங்க வேலைக்கு ஆபத்துன்னு உங்ககிட்டயே கேக்கல. நெஞ்சுக்குள்ளயே வச்சுக்கிட்டேன்.

— ஆர்லிஸ்.

— இருங்க. ஜெல்லி கேவலம். ஒரு வருஷம் புளிப்புல கண்ணுல தண்ணி வரும், அடுத்த வருஷம் பல்லு கூசும் இனிப்பு. ஜாடியோட குடுக்கிற நடுவர் அட்டையில குறை நிறை எழுதி எழுதி எனக்குக் கை வலிச்சதுதான் மிச்சம். ஜாடியில ஊத்தறதுக்கு முன்னால ஒரு தடவ நாக்குல வச்சுப் பாருங்க, ஒரு சொட்டுப் போதும்னு. கேட்டாத்தானே. மூணாம் பரிசுக்குக்கூட லாயக்கில்ல. ஆனா அதுக்கப்பறம் ருசியிலயே உங்க ஜாடின்னு தெரிஞ்சிடும், வருஷா வருஷம் சிவப்பு ரிப்பன் குத்தினேன். ரெண்டாம் பரிசு. நீல ரிப்பன் குத்தினா, ஜெயிச்சாச்சுன்னு நிறுத்திடுவீங்க. ஒண்ணுமே குத்தாட்டி மனசு விட்டுப் போயிடும். ரெண்டாவதுன்னா அடுத்த வருஷமும் வருவீங்க.

— இதையா மைக்குல சொன்னீங்க?

— இதத்தான் சொன்னேன். ஓரினோட மருந்து சீசாவுக்கு நடுவுல எனக்குன்னு வருஷத்துல ஒரு நாள் இருந்துச்சு, அது அந்தக் கேவலமான ஜெல்லி தின்ன நாள்னு சொன்னேன். கடைசி வருஷம் நீங்க ஜாடியத் திரும்ப வாங்கிக்கல. நான் வீட்டுக்குக் கொண்டுவந்து மருந்து அலமாரிக்குப் பின்னால வச்சிருந்தேன். அதத்தான் மேஜையில வச்சேன். நீங்க செத்துட்டீங்கன்னு நெனச்சுத்தான் எல்லாத்தையும் சொன்னேன். இல்லன்னா என் வாயிலேந்து வந்திருக்காது.

— ஆர்லிஸ், அத நான் செய்யல.

— எத?

— ஜெல்லிய. விதி விதிதானே, நான் மீறல. அப்பா செஞ்சது. சீட்டுல இருந்தது அவரு பேரு. உங்களுக்குத் தெரியும்னே இத்தன நாளும் நெனச்சிட்டிருந்தேன்.

— அப்ப அந்த ஜாடி.

— சரியான ஆளுக்குத்தான் வச்சிருக்கீங்க.

— கடவுளே. பாவி, ஒரு மண்டபமே எழுந்து நின்னுச்சே. நான் என்னவோ நெனச்சுக்கிட்டு, வாசல்ல டிக்கெட் கிழிக்கிற மனுஷனுக்கு.

— சொல்றேன் கேளுங்க.

— வேண்டாம். கேட்ட வரைக்கும் போதும். டார்லாவுக்கு இப்பவே எழுதிடறேன். நீங்க உயிரோட இருக்கீங்க, சந்தா கட்டுங்க, எங்க வேணும்னாலும் உக்காருங்க. நான் போன வைக்கறேன்.

— வைக்காதீங்க. அவர செய்யச் சொன்னது யாருன்னு நீங்க கேக்கவே இல்ல.

— யாரு?

— நான் ஜாடி வைக்கக்கூடாது. ஊழியனோட அப்பா வைக்கலாம், விதியில அதுக்குத் தடையில்ல. ஜாடி உள்ள போச்சுன்னா, உங்க கையெழுத்துல நாலு வரி எங்க வீட்டுக்கு வரும். அதுக்காக அவருகிட்ட கெஞ்சினேன். அவரு வாழ்க்கையில அடுப்புப் பக்கம் போனதில்ல. ரிப்பன் அவருக்கு, அட்டை எனக்கு. ஒண்ணு விடாம வச்சிருக்கேன்.

— அதான் நெறைய எழுதச் சொன்னாரா, வாசல்ல உக்காந்துக்கிட்டு.

— அதான்.

— அத்தனையும் படிச்சிருக்கீங்க. அப்பறமும் அந்த மனுஷன்கிட்ட, ஒரே ஒரு தடவ ருசி பாருங்கன்னு சொல்லத் தோணலையா?

— அவருக்குச் சக்கரை வியாதி, ஆர்லிஸ். எனக்காகக் கிண்டிக்கிட்டே இருந்தாரு, ஒரு சொட்டு நாக்குல வச்சதில்ல.