மொட்டைமாடியில் மூன்று கிளாஸ்

— திரும்பாதே வில்மர். குன்று மேல நிக்கிற மாதாவையே பார்த்துக்கிட்டு இரு. அவன் மேலயே ஏறி வந்துட்டான்.

— யாரு, தொப்பிக்காரனா? நல்லாப் பார்த்துச் சொல்லு நார்சிசா. வாசல்ல காவலாளி நிக்கிறான், கண்டவனை விடமாட்டான்னு நம்பித்தானே இந்த மாடிக்கு வந்தோம்.

— நம்மளையே விட்டானே மனுசா. சான் பிரான்சிஸ்கோ கோயில் வாசல்லேர்ந்து அதே பழுப்புத் தொப்பி, அதே கறுப்புக் கோட்டு.

— இத்தனை பேருக்கு நடுவுல ஒண்ணும் செய்ய மாட்டான். கோயில் கோபுரத்துல விளக்குப் போட்டதும் எல்லாரும் போட்டோ எடுக்க எழுந்து நிக்கிறாங்க பாரு.

— அந்தப் பையனை மட்டும் ஆளில்லாத இடத்துலயா சுட்டாங்க? நீ ஓட்டின பஸ் நிறைய ஜனம். எல்லாரும் குனிஞ்சுக்கிட்டாங்க. நீ ஒருத்தன்தான் கண்ணாடியில சுட்டவன் மூஞ்சியைப் பார்த்தேன்னு போலீஸ்ல சொன்ன.

— கேட்டாங்க, சொன்னேன்.

— மத்தவங்களையும்தான் கேட்டாங்க.

— அதான் நாளைக்குக் கோர்ட்டுக்குப் போறதில்லன்னு முடிவாயிடுச்சே. இன்னிக்கு கீட்டோவை விட்டே கிளம்புறோம். விடியறப்ப லோஹாவுல உங்க அக்கா வீட்டுல இருப்போம். சாட்சியே வரலைன்னா அவங்களுக்கு நம்மகிட்ட என்ன வேலை?

— அதை அவன்கிட்ட யாரு சொல்றது?

— நானே போய்ச் சொல்லிடட்டுமா? வாயைத் திறக்க மாட்டேன், விட்டுடுங்கன்னு.

— பேசாம உட்காரு. இரு, பார்கிட்ட நின்னு என்னமோ வாங்குறான்.

— என்ன வாங்குறான்?

— கனெலாசோ. ஆவி பறக்குது. மூணு கிளாஸ்.

— மூணு எதுக்கு?

— நம்ம பக்கம்தான் வர்றான் வில்மர். கத்தட்டுமா?

— கத்தாதே. கைப்பிடிச் சுவரை விட்டுத் தள்ளி வா. எனக்குப் பின்னால வா.

— மன்னிக்கணும் தம்பி. நீங்களும்தான்மா. குளிருக்கு இதமா இருக்கும்னு சூடா வாங்கிட்டு வந்தேன். உட்காரலாமா?

— நாங்க யார்கிட்டயும் எதுவும் சொல்லப் போறதில்லங்க. சத்தியமா. இவளை மட்டும் போக விடுங்க.

— ஐயோ, தம்பி, நான் எவெலியோ. உங்க பஸ்ல செத்துப்போன ஜைரோவோட அப்பன்.

— ஜைரோவோட அப்பாவா? அப்புறம் ஏங்க எங்க பின்னாலயே சுத்துறீங்க? உசுரே போயிடுச்சு எங்களுக்கு.

— உங்க வீட்டுக்காரரை யாரும் எதுவும் செஞ்சுடக் கூடாதேன்னுதான்மா. ராத்திரியெல்லாம் உங்க தெருமுனை ரொட்டிக்கடைப் படியிலதான் உட்கார்ந்திருக்கேன். எவன் வந்தாலும் என்னைத் தாண்டித்தானே வரணும். பேசினா சாட்சியைக் கலைச்சேன்னு ஆயிடும்னு வக்கீல் சொன்னாரு, அதான் தள்ளியே நின்னேன். இன்னிக்கு நீங்க ரெண்டு பேரும் ஓடினப்பதான் புரிஞ்சுது, என்னைப் பார்த்தே பயந்துட்டீங்கன்னு.

— பெரியவரே, நான் உங்ககிட்ட ஒண்ணு...

— இது என்ன, இவ்வளவு பெரிய பை? ஊருக்கா? தலையைக் குனியாதீங்க தம்பி. உங்க இடத்துல இருந்தா நானும் கிளம்பியிருப்பேன். ஆறிப் போறதுக்குள்ள குடிங்க. பஸ் ஏறுற வரைக்கும் நானே துணைக்கு வர்றேன்.

— ஊருக்கெல்லாம் போகலங்க. காலையில கோர்ட்டுக்குப் போட்டுக்க இவருக்கு நல்ல சட்டை வாங்கிட்டு வந்தோம்.