மூடியில் ஐந்து கோடுகள்

எனக்கு யாரையும் தொந்தரவு செய்யப் பிடிக்காது. பேருந்தில் என் நிறுத்தம் வந்தாலும், வேறு யாராவது மணியடிக்கட்டும் என்று காத்திருப்பேன். இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கி நடந்த நாட்கள் உண்டு. ஆய்வக ஃப்ரிட்ஜில் ஒரு குப்பி மட்டும் ஏன் சீக்கிரம் காலியாகிறது என்று நீங்களாகக் கேட்டதால்தான் சொல்கிறேன், ஸ்டோர் சார்.

அக்கா என்று நான் கூப்பிடுவது எங்கள் மூத்த ஆய்வு மாணவியை. அவருடைய மருந்து, செல்லின் மைட்டோகாண்ட்ரியாவில் ஒரு புரதத்தைக் கூட்ட வேண்டும். அந்தப் புரதத்தை மட்டும் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடியை ஊற்றினால், ஃபிலிமில் கறுப்புப் பட்டை விழும். புரதம் கூடினால் பட்டை தடிக்கும். ஊற்றிய ஆன்டிபாடியைத் திரும்ப எடுத்துவைத்து ஐந்து முறை பயன்படுத்துவோம். ஒவ்வொரு முறையும் குப்பியின் மூடியில் ஒரு கோடு. ஐந்தாவது கோடு விழுந்தால் அக்கா புதிதாகக் கலப்பார். கோடு போடுவது என் வேலை.

ஒருநாள் குப்பி கை நழுவித் தொட்டியில் கவிழ்ந்தது. சொல்லத்தான் போனேன்.

"இந்த மாசம் பட்டை தடிச்சிட்டா ஆய்வை முடிச்சு மூட்டையைக் கட்டிடுவேன்டி," என்றார் அக்கா. "அப்புறம் உன் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை பிடுங்க யாரு இருக்கப்போறா?"

அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனம் வரவில்லை. பக்கத்துக் குப்பியிலிருந்து ஊற்றி நிரப்பினேன். அதுவும் ஆன்டிபாடிதான், ஆனால் எந்த மருந்துக்கும் மாறாத வேறொரு புரதத்தைப் பிடிப்பது. இரண்டு புரதத்துக்கும் ஏறக்குறைய ஒரே எடை. எடை ஒன்றானால் பட்டையும் அதே இடத்தில் விழும், வித்தியாசம் தெரியாது.

"பட்டை கல்லுளிமங்கன் மாதிரி அசையவே மாட்டேங்குதே!" என்றார் அக்கா, அடுத்த ஃபிலிமைப் பார்த்து.

பேராசிரியர் வருடக் கடைசிவரை அவகாசம் கொடுத்தார். அக்கா என் தோளில் சாய்ந்து அழுதார். டீ வாங்கிவந்தேன். சர்க்கரை அளவாக இருந்தது.

குப்பி கவிழ்ந்தது ஒரு முறைதான். அதன்பின் நாலாவது கோடு விழும்போதெல்லாம் ஸ்பிரிட் தொட்டு மூடியைத் துடைத்தேன். குறைந்ததை அதே பக்கத்துக் குப்பியிலிருந்து நிரப்பினேன். பதினோரு மாதம்.

"நம்ம குப்பி அட்சய பாத்திரம்டி," என்பார் அக்கா.

போன வாரம் சரியான ஆன்டிபாடியை வைத்து நானே செய்து பார்த்தேன். மருந்து கொடுத்த செல்களில் பட்டை மூன்று மடங்கு தடிப்பு. அக்காவின் மருந்து அருமையாக வேலை செய்கிறது.

உடனே சொல்லத்தான் போனேன். அவர் மருந்துப் புட்டிகளை ஒவ்வொன்றாகக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தார். நிறைய இருந்தன. நானும் ஒரு கை கொடுத்தேன்.

புதுத் தலைப்பு எடுத்திருக்கிறார். மூன்று வருடமாவது ஆகுமாம்.

அவரிடம் சொல்லிவிடாதீர்கள், சார். பாவம், அவரை ஏன் தொந்தரவு செய்ய வேண்டும்?