மறுப்புச் சீட்டு

என் கையெழுத்து நன்றாக இருக்கும். சுகாதார நிலையத்தில் யாருக்காவது விண்ணப்பம் எழுத வேண்டுமென்றால் என்னைத்தான் தேடி வருவார்கள். அந்தக் குடும்பக் கோப்பை விசாரணைக்கு வந்த நீங்கள் மூன்று பேரும் கைமாற்றிப் படித்தபோது ஓர் இடத்தில்கூட "இது என்ன எழுத்து?" என்று கேட்கவில்லை. கவனித்தேன். இருபத்தாறு வருடம் டாக்டர்கள் கிறுக்குவதைப் பார்த்துப் பார்த்து நர்ஸுகள் எங்களில் பாதிப் பேருக்குக் கை கோணிவிடும். எனக்குக் கோணவில்லை.

நடந்ததை நானே எழுதித் தரலாம் என்றீர்கள். தருகிறேன். எதையும் மறைக்கப்போவதில்லை, மறைத்து எனக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை.

முதலில் சிவப்பு அட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் நிலையத்தில் வீட்டுக்கு ஒரு கோப்பு. தாத்தாவின் ரத்த அழுத்தம் முதல் பேரப்பிள்ளையின் தடுப்பூசி வரை எல்லாம் அதற்குள் இருக்கும். யாருக்காவது பரிசோதனையில் ஏதாவது தென்பட்டால் கோப்பின் மேல் ஒரு சிவப்பு அட்டையைச் செருகிவிடுவோம். அது இருக்கும்வரை யாராவது ஒரு நர்ஸ் போன் பண்ணிக்கொண்டே இருப்பாள், எடுக்கவில்லை என்றால் வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டுவாள். அட்டையை எடுக்க இரண்டே வழிதான். அந்த ஆள் மேல்சிகிச்சைக்குப் போக வேண்டும். அல்லது, விவரம் முழுவதும் கேட்டுக்கொண்டு, எனக்கு வேண்டாம் என்று மறுப்புச் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். சீட்டு உள்ளே போனால் அட்டை வெளியே வந்துவிடும். பிறகு மூன்று வருடத்துக்கு யாரும் அந்த வீட்டைத் தொந்தரவு செய்யமாட்டோம்.

இது நல்ல விதி. புதிதாக வரும் பெண்களுக்கு நானே சொல்லிக்கொடுப்பேன். "வேணாம்னு சொல்ல அவங்களுக்கு உரிமை இருக்கு. புரியிற மாதிரி எடுத்துச் சொல்லு. பயமுறுத்தாதே. அவங்க முடிவு பண்ணிட்டா வாயை மூடிக்கோ." இப்போதும் அதையேதான் சொல்வேன்.

இனி அண்ணியைப் பற்றி. என் அண்ணன் பேருந்து ஓட்டுநர். அண்ணி ஒரு தையல் ஆலையில் மேற்பார்வையாளராக இருந்தார். குழந்தை பிறந்து நான்காவது மாதமே வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. நான் இரண்டு தெரு தள்ளித் தனியாக இருந்தேன். கல்யாணம் அமையவில்லை, அதற்காக நான் உட்கார்ந்து அழுததும் இல்லை. குழந்தைக்காக என் வேலையை மதியத்துக்கு மாற்றிக்கொண்டேன். காலை முழுவதும் அவள் என்னிடம் இருப்பாள். ஒரு மணிக்கு அண்ணன் வந்து வாங்கிக்கொண்டு போவார். ஐந்து வருடம் இப்படி நடந்தது. அவளுக்கு வாலு என்று பெயர் வைத்ததும் நான்தான். பள்ளிக்கூடத்தில் வேறு பெயர் இருந்தது, ஆனால் வீட்டில் யாரும் அதைச் சொன்னதில்லை.

வாலு முதன்முதலில் நடந்தது என் சமையலறையில். கதவிலிருந்து ஃபிரிட்ஜ் வரை ஏழு அடி. நான் யாரிடமும் சொல்லவில்லை. பத்து நாள் கழித்து அண்ணி போன் செய்தார். அவர் என்னை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார், நிலையத்தில் எல்லோரும் கூப்பிடுவதைக் கேட்டுக் கிண்டலாக ஆரம்பித்து அதுவே நிலைத்துவிட்டது.

"சிஸ்டர், வாலு நடந்துட்டா! மூணு அடி! முதல் தடவை!"

"அப்படியா அண்ணி," என்றேன்.

அந்தச் சந்தோஷத்தை அவருக்கு விட்டுக்கொடுத்தேன். எனக்குப் பெருந்தன்மை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

வாலுவுக்கு ஐந்து வயதானபோது அண்ணி வேலையை விட்டார். என் வீட்டுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "இத்தனை நாளா உனக்குத்தான் கஷ்டம். இனிமே நீ கொஞ்சம் நிம்மதியா இரு," என்றார். மறுநாள் காலை எட்டு மணிக்கு நான் வழக்கம்போல் பால் காய்ச்சிவிட்டேன். யாரும் வரவில்லை. அதை நானே குடித்தேன்.

பொறாமைதானே என்று உங்களில் ஒருவர் கேட்டீர்கள். ஆமாம். வயிறு எரிந்தது. நீங்கள் சுற்றி வளைத்துக் கேட்க வேண்டியதே இல்லை. அண்ணி கெட்டவராக இருந்திருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். அவர் அப்படி இல்லை. ஞாயிறு தவறாமல் என்னைச் சாப்பிடக் கூப்பிடுவார். வாலுவின் முதுகில் கைவைத்து, "போ, அத்தைகிட்ட போ, அத்தைக்கு ஒரு முத்தம் குடு," என்று தள்ளிவிடுவார். அவள் ஓடிவந்து கன்னத்தில் ஒன்று கொடுத்துவிட்டுத் திரும்ப ஓடி அவர் மடியில் ஏறிக்கொள்வாள். எனக்குச் சேரவேண்டியதை இன்னொருத்தர் பார்த்துப் பார்த்துப் பரிமாறுகிற மாதிரி இருக்கும். நான் சிரித்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டு வருவேன்.

வாலுவுக்குப் பத்து வயதாக இருந்தபோது எங்கள் பகுதிப் பெண்களுக்கெல்லாம் கருப்பை வாய்ப் பரிசோதனை செய்தோம். முப்பது வயது தாண்டியவர்கள் வரத் தயங்குவார்கள், வெட்கம். அண்ணிதான் முதல் ஆளாக வந்தார். "சிஸ்டர் எடுக்கறதா இருந்தா எனக்கு என்ன வெட்கம்," என்று சொல்லித் தெருவில் இன்னும் நாலு பேரையும் அழைத்துவந்தார். மாதிரியை நான்தான் எடுத்தேன்.

மூன்று வாரத்தில் முடிவு வந்தது. புற்றுநோய் இல்லை. விட்டுவைத்தால் புற்றாகக்கூடிய மாற்றம். பெரிய மருத்துவமனையில் அரைநாள் வேலை. காலையில் போனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்து சமைக்கலாம். இதற்காகத்தான் அந்தப் பரிசோதனையே இருக்கிறது. நான் சிவப்பு அட்டையைச் செருகினேன், சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். திங்கட்கிழமை முடிவு வந்தது, வெள்ளிக்கிழமை வாலுவுக்குத் தடுப்பூசி இருந்தது, எப்படியும் இருவரும் வருவார்கள், நேரில் சொல்வது நல்லது என்று விட்டுவைத்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தார்கள். பதினோரு மணி இருக்கும், அறையில் வேறு யாரும் இல்லை. ஊசியைப் பார்த்ததும் வாலுவின் முகம் வெளுத்துவிட்டது. "வா, அத்தை மடியில உக்காரு, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்," என்றேன். நான் கையை நீட்டினேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

"நீங்க வேணாம். நீங்க போங்க. எனக்கு அம்மாதான் வேணும்."

பத்து வயதுப் பெண் அண்ணியின் மடியில் ஏறி, கழுத்தைக் கட்டிக்கொண்டு, முகத்தை மறைத்துக்கொண்டாள். அண்ணி என்னைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்தார். "பயத்துல சொல்றா, நீ மனசுல வச்சுக்காதே," என்றார்.

நான் மனசில் வைத்துக்கொள்ளவில்லை. ஊசி போட்டேன். பிறகு தடுப்பூசிக்கான ஒப்புதல் படிவத்தை எடுத்து வைத்தேன், அதன் கீழே மறுப்புச் சீட்டையும் வைத்தேன்.

"அண்ணி, இங்க ஒண்ணு, கீழ ஒண்ணு."

"எதுக்குப்பா இத்தனை?"

"எல்லாம் வழக்கமானதுதான்."

வாலு அண்ணியின் வலது கையை விடவில்லை, அதனால் அவர் இடது கையால் கையெழுத்துப் போட்டார். கோணலாக விழுந்தது. கேட்டுக்கொண்டே எழுந்தார்: "ஆமா, என் டெஸ்ட்டு என்னாச்சு சிஸ்டர்?"

"எல்லாம் சரியா இருக்கு அண்ணி."

அவர்கள் போன பிறகு சீட்டில் காரணம் என்ற இடத்தில் "மேல்சிகிச்சையில் விருப்பமில்லை" என்றும், கீழே "விளைவுகள் விளக்கப்பட்டன" என்றும் எழுதினேன். அட்டையை எடுத்துவிட்டேன். அப்புறம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனேன்.

அந்தச் சீட்டையும் பரிசோதனை முடிவையும் கிழித்துப் போட்டிருக்கலாமே என்று கேட்டீர்கள். ஒரு நர்ஸ் நோயாளியின் பதிவைக் கிழிக்கலாமா? நான் ஒரு தாளையும் இதுவரை கிழித்ததில்லை.

இரண்டரை வருடம் கழித்து அண்ணி ஒருநாள், நாள் தவறி ரத்தம் படுகிறது என்றார். "இந்த வயசுல அப்படி இப்படித்தான் இருக்கும்," என்றேன். நான் சொன்னதால் அவர் எட்டு மாதம் வேறு யாரிடமும் கேட்கவில்லை. இடுப்பு வலி தாங்காமல் கடைசியில் அண்ணன்தான் பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். அங்கே டாக்டர் முன்பு பரிசோதனை செய்ததுண்டா என்று கேட்டிருக்கிறார். "என் நாத்தனாரே எடுத்தா டாக்டர், ஒண்ணும் இல்லைன்னு வந்துச்சு," என்று அண்ணி பெருமையாகச் சொல்லியிருக்கிறார். சில சமயம் பரிசோதனையில் தப்பிவிடும் என்று டாக்டர் ஆறுதல் சொன்னாராம்.

ஒன்பது மாதம் நான் பார்த்துக்கொண்டேன். அதில் யாரும் குறை சொல்ல முடியாது. அவர் உடம்பில் ஒரு படுக்கைப்புண் வரவிடவில்லை. இரண்டு மணிக்கொருமுறை திருப்பிப் படுக்கவைத்தேன், வாயைத் துடைத்துவிட்டேன், வலி மருந்து ஒரு வேளை தவறவில்லை. கடைசி வாரத்தில் அவர் வாலுவின் கையை எடுத்து என் கையில் வைத்தார். "இவளை உன்கிட்ட ஒப்படைக்கிறேன்," என்றார். பாருங்கள், அப்போதும் அவர்தான் கொடுத்தார்.

வாலுவுக்கு அப்போது பதினாலு வயது. அவர்கள் வீட்டுக்கே குடிபோனேன். காலையில் தலை வாரிவிடுவேன். பள்ளிக்கூடத்துக்கு நான்தான் போய்க் கையெழுத்துப் போடுவேன். பரீட்சைக் காய்ச்சல் வந்தால் என் பக்கத்தில்தான் படுத்துக்கொள்வாள். நர்ஸாகப் போகிறேன் என்று அவளாகவே சொன்னாள். "அத்தை அம்மாவைப் பார்த்துக்கிட்ட மாதிரி நானும் பார்த்துக்கணும்," என்றாள். ஐந்து வருடம். என் வாழ்க்கையில் நான் மனம் நிறைந்து சிரித்த வருடங்கள் அவை.

மிச்சம் உங்களுக்குத் தெரியும். இரண்டாம் வருடப் பயிற்சிக்கு அவளை எங்கள் நிலையத்துக்கே அனுப்பினார்கள். பழைய கோப்புகளைப் பார்த்து, மேல்சிகிச்சைக்குப் போகாமல் விடுபட்டவர்களைக் கண்டுபிடிக்கும் வேலை. தன் வீட்டுக் கோப்பும் அதில் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. எனக்குத் தோன்றவில்லை, நான் அவ்வளவு நிம்மதியாக இருந்தேன்.

வீட்டுக்கு வந்து அந்தச் சீட்டின் நகலைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். தேதியைப் பார்த்தாள், பக்கத்தில் தன் தடுப்பூசி அட்டையை வைத்தாள். ஒரே தேதி. கோணல் கையெழுத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அத்தை, அன்னைக்கு அம்மாவோட வலது கையை நான் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். எல்லாம் சரியா இருக்குன்னு நீங்க சொன்னதை நான் கேட்டேன்."

"வந்ததும் வராததுமா என்ன இது? கை கழுவிட்டு வா, சாப்பிடலாம்," என்றேன்.

"சொல்லுங்க அத்தை. அம்மாகிட்ட சொன்னீங்களா, இல்லையா?"

"உட்காரு முதல்ல."

அவள் உட்காரவில்லை. பையை எடுத்துக்கொண்டு விடுதிக்குப் போய்விட்டாள். மறுநாள் உங்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறாள். படித்தேன், பிழையில்லாமல் எழுதியிருக்கிறாள். அண்ணன் என்னோடு பேசுவதில்லை.

ஆகவே கேட்டதற்குப் பதில் இதுதான். சொல்லவில்லை. தெரிந்தே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அண்ணி இன்று உயிரோடு இருப்பார், வாலு அவர் மடியில் இருப்பாள். இரண்டும் எனக்குத் தெரியும்.

ஒன்றை மட்டும் பதிவு செய்துகொள்ளுங்கள். அந்த வெள்ளிக்கிழமை நான் வாலுவுக்குப் போட்டது இதே நோய் வராமல் தடுக்கிற ஊசி. ஆறு மாதம் கழித்து இரண்டாவது ஊசிக்கான தேதியை அவள் அம்மா மறந்தேபோய்விட்டார். நான்தான் நினைவு வைத்திருந்து, பள்ளிக்கூட வாசலில் காத்திருந்து, கூட்டிவந்து போட்டேன். என் பிள்ளைக்கு இந்த நோய் வராது. கோபம் தணிந்ததும் அவளுக்கே புரியும், வந்துவிடுவாள். பாவம், தாயில்லாப் பெண். என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?