குறட்டைக்கு ஒரு மாசம் கழிவு

மாடிக்குப் பத்து மாச அட்வான்ஸ், அதுபோக முதல் மாச வாடகை முன்னாடியே கையில. இதுல பேச்சுக்கே இடமில்லக்கா. இப்பத்தான் முதல் தடவையா வாடகைக்கு விடுறோம். உனக்கு இளகின மனசு, பாவம் பாத்துடாதேன்னு எங்க வீட்டுக்காரர் கப்பல்லேருந்து போன் பண்ணிக் கறாராச் சொல்லிட்டார். அதான் எல்லாத்தையும் நோட்டுல எழுதி வச்சிருக்கேன். சுவத்துல ஆணி அடிச்சா, ஆணிக்கு இவ்வளவுன்னு பிடித்தம். கான்வென்ட்ல படிச்ச பழக்கம், மார்ஜின் போட்டாத்தான் கை ஓடும்.

என்ன, தையல் மிஷின் இருக்கா? மோட்டாரா, கால்ல மிதிக்கிறதா? மிதிக்கிறதா! தடதடன்னு கேக்குமே. எப்போ தைப்பீங்க? ஆர்டர் வந்தா விடிய விடியவா?

அய்யோ, ஏன் எந்திரிக்கிறீங்க, உக்காருங்கக்கா. வேணாம்னு யார் சொன்னா? மிஷினுக்காக ரெண்டு மாசம் குறைச்சுக்கறேன். எட்டு.

இல்லல்ல, ஏத்தல. குறைக்கத்தான் செய்யறேன்.

குறட்டையா? உங்களுக்கா, உங்க வீட்டுக்காரருக்கா? ரெண்டு பேருக்குமா! ஆளுக்கு ஒரு மாசம் கழிச்சிடலாம். ஆறு. இதுக்காகவா அந்த வீட்டுல காலி பண்ணச் சொன்னாங்க? அவங்களுக்குக் குடுத்து வைக்கல.

நேத்து ஒரு வாத்தியார் வந்தார். இருக்கற இடமே தெரியாது, பூனை மாதிரி நடப்பேன்னார். பதினஞ்சு மாச அட்வான்ஸ்னேன். பூனை மாதிரியே போயிட்டார்.

சிரிக்காதீங்கக்கா. நோட்டைப் பாக்காதீங்க, அதெல்லாம் அடிச்சாச்சு. உங்களால எவ்வளவு முடியும்? மூணா? போதும். முன்வாடகையும் வேணாம், மாசக் கடைசியில குடுங்க. ஆணி தாராளமா அடிங்க. எந்த நேரத்துல அடிச்சாலும் சரி.

வீட்டுல ஏதாவது வில்லங்கமான்னா கேக்கறீங்க? பேய் பிசாசு ஒண்ணும் கிடையாது. மழைக்கு ஒழுகாது. தண்ணி ரெண்டு வேளையும் வரும்.

சாவி இந்தாங்க. நாளைக்கு எதுக்கு, இன்னைக்கே வந்துடுங்களேன். மிஷினை மட்டும் அந்த மூலையில போடுங்க, எங்க கட்டிலுக்கு நேர் மேல.

ஒண்ணுமில்லக்கா. பாப்பாவுக்கு நாப்பத்தஞ்சு நாள் ஆகுது. ராத்திரி வீடு அடங்கிட்டா எனக்குப் பயம். மூச்சு வருதா, வருதான்னு மூக்குகிட்ட விரல வச்சுப் பாத்துட்டே உக்காந்திருக்கேன். மேல பெரியவங்க ஒருத்தங்க முழிச்சிருக்காங்க, கூப்பிட்டா வருவாங்கன்னு காதுல விழுந்துட்டே இருந்தா, நானும் ஒரு ரெண்டு மணி நேரம் கண்ணசருவேன்.